தலைக்காசு

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பகடை ஆட்டம் 1974இல் வந்தது. குடல் தொங்கப் பறக்கும் நம்மூர்ப் பெண் தலை பெனாங்கலான், 1981இலேயே அதன் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ பூதப் புத்தகத்தில் ஏறிவிட்டது. நீல அடையாள அட்டைக்கு அலையாமலே அங்கீகாரம்!

தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும் அதில் ஒரு பேய்கூட இல்லை. கோலசிலாங்கூரில் நடக்கும் என் ஆட்டத்துக்கு நானே ஒன்று செய்தேன்: பெரட்டுப் பிணம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர் நிறையில் புதைத்தாலும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்து நிற்கும். மூளையைத் தின்னாது, முன்பணக் கடன்தான் அதைத் தின்கிறது.

வில்லன், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் அவர் பார்வை சுடுகாட்டுப் பக்கம் திரும்புகிறது. இவ்வளவு நியாயமான காரணம் எந்த வெள்ளைக்கார மந்திரவாதிக்கு உண்டு?

வெள்ளித் தோட்டா, எலுமிச்சம்பழம் எதுவும் பலிக்காது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தால்தான் பிணம் விழும். அதைத் தோட்டக் கணக்கர் கிராணிதான் அடிக்க வேண்டும். பகடையில் இருபது விழுந்தாலும், கிராணி இன்று லீவு.