நாற்றப்பூச்சிப் பருவத்தில் ஒரு கிளைடர்

எஞ்சின் இல்லாத விமானம், அதனால் செலவும் சத்தமும் குறைவு என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். சத்தத்தைப் பற்றி நான் சொன்னது உண்மை. அதுவும் அது மேலே இருக்கும் நேரத்தில் மட்டும்.

மெல்போர்னில் இருந்துகொண்டு, உள்ளூரில் விலைக்கு வந்த கிளைடர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஜெர்மனியில் தேடினேன். கிளைடருக்கு அதுதானே தாய்வீடு? முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் எஞ்சின் விமானங்களுக்குக் கடிவாளம் போட, 1920இல் வாசர்குப்பே மலையில் எஞ்சின் இல்லாமலே பறக்கப் போட்டி வைத்தார்கள். இந்த வரலாற்றை வருவோர் போவோரிடமெல்லாம் ஒப்பித்தேன். இறக்குமதி விதிகளைப் படித்திருக்க வேண்டிய ராத்திரிகளில்தான் இதைப் படித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் கண்ணில் பட்டது ஒரு எல்.எஸ்.4. 1980இல் முதன்முதலாகப் பறந்த ரகம்; ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 15 மீட்டர் இறக்கை. காற்று அசையாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும். விற்றவர் நேர்மையான மனிதர். இறக்கையை நெருக்கத்தில் எடுத்த படங்களையும் கேட்காமலே அனுப்பியிருந்தார். அவற்றில் மெல்லிய கோடுகள் ஓடின. நான் என் போன் திரையைத் துடைத்துக்கொண்டேன். அவை மேல்பூச்சில் விழுந்த விரிசல்கள் என்று தெரிந்தது பணம் அனுப்பிய பிறகு. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவது நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. கூலி, சில சமயம் பழைய கிளைடரின் விலையையே நெருங்கிவிடும். “பெயின்ட் அடிக்க என்னங்க ஆகும்?” என்றாள் மனைவி. “அது பெயின்ட் இல்லை” என்றேன், ஏதோ அது நல்ல செய்தி போல.

ஜி.எஸ்.டி.க்கு விலையில் பத்து சதவீதம் எடுத்து வைத்திருந்தேன். கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் விலையோடு கூட்டித்தான் அந்தப் பத்து சதவீதம் என்று பில் வந்ததும் புரிந்தது. போகட்டும்.

போக விடாதது பூச்சி. ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போது பழுப்பு நாற்றப்பூச்சி வண்டி, இயந்திரம் என்று கிடைத்த இடுக்கில் நுழைந்து தூங்கப் போகும். அதே சரக்கோடு ஆஸ்திரேலியா வந்து, வெயில் பட்டு விழித்தால் பழத் தோட்டங்கள் காலி. ஆகவே செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஜெர்மனி போன்ற நாடுகளில் கப்பலேறும் இப்படிப்பட்ட சரக்குகளுக்குப் பூச்சி ஒழிப்புச் சிகிச்சை கட்டாயம். ஆகஸ்டுக்குள் ஏற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. விற்றவர் ஆகஸ்டில் தயாராகத்தான் இருந்தார். ஒரு பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருப்பவன் மாதிரி, யூரோ விலை இறங்கட்டும் என்று காத்திருந்தது நான். இறங்கவில்லை.

“சூடா, புகையா?” என்று சரக்கு ஏஜென்ட் போனில் கேட்டார். புகை என்றால் ஏதோ ரசாயனம், மேல்பூச்சு வேறு ஏற்கெனவே விரிசல், எதற்கு வம்பு என்று, “சூடு” என்றேன். விவரம் தெரிந்தவன் குரலில் சொன்னேன்.

அந்த வாரம் கிளைடர் கிளப்பில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, வயதான உறுப்பினர் ஒருவர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். “எத்தனை டிகிரி?”

“56. அரை மணி நேரம்.”

“கிளைடர் எல்லாம் ஏன் வெள்ளையாக இருக்கிறது தெரியுமா?”

அழகுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணாடி இழையை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் சூட்டில் இளகும். அந்த உடம்பின் பலத்தைச் சோதித்துச் சான்று தருவதே 54 டிகிரி வரைக்கும்தான்; வெயிலில் அதைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் வெள்ளை. பூச்சியைக் கொல்லும் சூட்டில் என் இறக்கையையும் அரை மணி நேரம் வேகவைக்கக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றிரவு ஏஜென்டுக்கு நான் எழுதிய மின்னஞ்சல்களில் இலக்கணம் கிடையாது. புகைக்கு மாற்றினார்கள். மாற்றியதற்கும் ஒரு கட்டணம்.

கிளைடரோடு வந்த டிரெய்லரை நான் பெட்டி என்று நினைத்தேன். அரசாங்கம் வாகனம் என்று நினைத்தது. அதற்குத் தனியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் கப்பல் வருமுன். நான் விண்ணப்பித்தபோது கன்டெய்னர் துறைமுகத்தில் வாடகைக்குக் குடியேறிவிட்டது. வெளியே எடுத்தால், விளக்குக்கான பிளக்கில் 13 முனை, உருண்டை. என் காரில் 7 முனை, தட்டை.

உட்கார்ந்து பார்த்தபோது, காக்பிட்டில் ஒட்டியிருந்த தகட்டில் விமானி குறைந்தது 70 கிலோ இருக்க வேண்டும் என்றிருந்தது. பாராசூட்டையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்றார்கள். சேர்த்தும் நான் தேறவில்லை. ஈயக்கட்டி வாங்கிப் பொருத்தினேன். இவ்வளவு செலவழித்து வாங்கிய விமானத்துக்கு என் எடை போதவில்லை என்பதை மனைவி ஊருக்கு போன் போட்டு எல்லோருக்கும் சொன்னாள்.

ஜெர்மன் கிளைடரில் உயரமானி மீட்டரில் இருக்கும். இங்கே பேச்சும் பயிற்சியும் அடியில். தெரியும். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று சீட்டு எழுதிப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தேன். முதல் நாள், இழுத்த கயிற்றை விட்டதும் நல்ல தெர்மல், அதாவது மேலே தூக்கும் வெப்பக் காற்று. சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தவன் தற்செயலாக முள்ளைப் பார்த்தேன்: 700. எழுநூறு அடிதானா! பாய்ந்து வந்து இறங்கினேன். உண்மையில் இரண்டாயிரத்து முந்நூறு அடியில், அன்றைய நாளின் மிகச் சிறந்த தெர்மலை உதறிவிட்டு வந்திருந்தேன். மற்றவர்கள் சாயங்காலம் வரை கீழே வரவில்லை.

இறக்கை நுனியைப் பிடித்துத் தள்ள வந்த பெரியவர், “ஏன் இவ்வளவு சீக்கிரம்?” என்றார்.

“மேலே ஒன்றும் இல்லை” என்றேன்.