லூப் காக்கா

கல்முனை பஸாரில் போட்டோக்கொப்பி எடுக்கப் போனால் அவரைப் பார்க்கலாம். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அவருக்கு அச்சொட்டான பிரதிகள் உண்டு. வயது நாற்பதை எட்டிப் பார்க்கும். தொழில் கொமினிகேஷன் கடை. ஒரு காதில் இயர்போன், மற்றக் காது வாடிக்கையாளருக்கு. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துத் தரும்போதே தலை ஏதோ தாளத்துக்கு ஆடும். "என்ன படம் காக்கா?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"படமில்ல தம்பி. மெகா மேன் டூ. டொக்டர் வைலி ஸ்டேஜ். 1988." மெஷின் அப்படியே நிற்கும், பின்னால் வரிசையும் நிற்கும்.

அவர் கேம் விளையாடிப் பல வருடமாயிற்று. சின்ன வயதில் சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த ரீவி கேம் பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. காதுக்குள் அதன் சத்தம் மட்டும் மிச்சம். அந்த வகைப் பெட்டியில் சத்தம் போட மொத்தம் ஐந்தே சனல்: மெட்டுக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, மேளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துணுக்குக்கு ஒன்று. 1985இல் கோஜி கொண்டோ மாரியோவுக்கு மெட்டுப் போட்டது இதற்குள்தான். விளையாடுகிறவன் எப்போது முடிப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மெட்டு ஓடி முடிந்ததும் தொடக்கத்துக்கே திரும்பும்படி கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் லூப். காக்காவின் விளக்கமும் இதே முறையில்தான் ஓடும் என்பதால் ஊர் வைத்த பட்டம் நிலைத்துவிட்டது.

அன்றைய மாரியோ கேம் முழுவதும் 40 கிலோபைட். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குடும்பக் குரூப்பில் வந்து விழுகிற, ரோசாப்பூப் போட்ட 'ஜும்ஆ முபாரக்' படம் ஒன்றே பெரும்பாலும் அதைவிடக் கனம். இதை அவர் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை.

கேட்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. பகிர்வார். அதுவும் எம்பித்ரீயாக அனுப்பினால் கௌரவக் குறைச்சல். என்எஸ்எஃப் கோப்பாகத்தான் போகும். அது பதிவு செய்த பாட்டல்ல. கெசட்டுக்குள் இருந்த இசை நிரலையே உருவி எடுத்த கோப்பு. பழைய சிப்பைப் போல நடிக்கத் தெரிந்த மென்பொருள் போனில் இருந்தால்தான் வாய் திறக்கும். தோஹாவில் டியூட்டி முடிந்து வந்த மச்சான் பத்துத் தரம் தட்டிப் பார்த்துவிட்டு வொய்ஸ் அனுப்புவான்: "ஒண்டும் ஓப்பன் ஆகுதில்ல மச்சான். வைரஸ் கிய்ரஸ் அனுப்பிட்டியா?"

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சினிமாப் பாட்டு வைக்கிறவர்களில் எத்தனை பேர் இசையமைப்பாளரின் பெயரைப் போடுகிறார்கள்? இவர் போடாமல் விட்டதில்லை. டெட்ரிஸில் கேட்பது ரஷ்ய நாட்டார் பாட்டு என்றும், 1989இல் கேம்போய்க்கு அதை அமைத்தவர் ஹிரோகாஸு தனாக்கா என்றும் கீழே குறிப்பே இருக்கும். பாங்கு கேட்டால் இயர்போன் தானாகக் கழன்றுவிடும். அதிலும் குறை சொல்ல இடமில்லை.

ஒருமுறை சிவிலைசேஷன் 4 கேமின் 'பாபா யெட்டு' ஸ்டேட்டஸில் ஏறியது. கிறிஸ்டோபர் டின் இசையமைத்தது. 2011இல் கிராமி விருது வாங்கியது. கேமுக்காக எழுதிய இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. பாட்டு சுவாஹிலி மொழி. நடுவில் ஆமீன் போல ஏதோ காதில் விழ, பெரிய மாமா "மாஷா அல்லாஹ், நல்ல கஸீதா" என்று பதில் போட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். இயேசு கற்பித்த ஜெபத்தின் சுவாஹிலி வடிவம் அது என்று காக்கா விளக்க, மாமா ப்ளூ டிக்கோடு நிறுத்திக்கொண்டார்.

2022 தொடக்கத்தில் இன்னொரு கூத்து. யூடியூபில் கேம் இசைக்கென்றே இருந்த 'கில்வாசன்னர்' சனல் மீது நின்டெண்டோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிப்புரிமைத் தடைகளைப் போட, சனலை நடத்தியவர் அதை மூடிவிட்டார். காக்கா மனம் தாங்காமல், "கில்வாசன்னரும் போய்ட்டார்" என்று குடும்பக் குரூப்பில் போட்டார். சாச்சி உடனே கோல் எடுத்தா: "ஆரு மகன் மவுத்து? எந்த ஊராக்கள்? எப்ப அடக்கம்?"

2024 ஒக்டோபரில் நின்டெண்டோ தானே ஒரு இசைச் செயலியை வெளியிட்டது. சில மெட்டுகளை ஒரு மணித்தியாலம் வரை நீட்டிக் கேட்கலாமாம். ஆனால் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். காசு கொடுத்து லூப் கேட்பதா என்று காக்காவுக்கு ஆத்திரம். கடையில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை.

அவருடைய இப்போதைய இலக்கு பாண் ஓட்டோ. பேத்தோவன் 1810இல் எழுதிய 'ஃப்யூர் எலிஸ்' ஒரு சின்னச் சிப்பிலிருந்து கீச்சிட்டுக்கொண்டு நாடு முழுக்கத் தெருத்தெருவாகச் சுற்றுகிறது. இதுவும் கேம் மியூசிக் சாதிதான், ஊருக்குத் தெரியவில்லை என்பது அவர் வாதம். வாதம் சரிதான். அந்தத் துணிவில் ஒரு மாலை ஓட்டோவை மறித்து, மாரியோவை இலவசமாக ஏற்றித் தருவதாகச் சொன்னார்.

"அதப் போட்டா ஆரு காக்கா பாண் வாங்க வருவாங்க?" என்றார் பாண்காரர். "ஐஸ்கிறீம் எண்டு புள்ளயள்தான் ஓடி வரும்."

காக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐஸ்கிறீம்காரருடைய நம்பரைக் கேட்டார்.