தானாக எழும் வாக்குறுதி

லினக்ஸ் கணினியில் பின்னணியில் ஓடும் சேவை செத்து விழுந்தால் பதறவே வேண்டாம். அதன் கோப்பில் 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று ஒரு வரி இருந்தால் போதும்; சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 100 மில்லிசெக்கனில் அதை எழுப்பிவிடும். ஏன் விழுந்தாய் என்று கேட்டுத் தொல்லை தராது. என்ன கண்ணியம்!

இலங்கையின் கல்முனைக் கரைக்கு இந்த நுட்பம் புதிதல்ல. அங்குள்ள சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை என்ற வாக்குறுதிச் சேவை, தேர்தல் வந்ததும் தானே எழும். வாக்கு எண்ணி முடிந்ததும் தானே படுக்கும். 2018இல் ஊர் சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்துப் பிழைச் செய்தி அனுப்பியது. உடனடிப் பலன்: 2020 பெப்ரவரியில் வர்த்தமானியே வந்தது. சில நாளில் அதுவும் இடைநிறுத்தப்பட்டது. குறை சொல்லாதீர்கள், எழும்பியதல்லவா?

சிஸ்டம்டிக்குத்தான் மன உறுதி போதாது. 10 செக்கனுக்குள் 5 தடவை விழுந்தால், "இது தேறாது" என்று கையை விரித்து, அதைப் பதிவேட்டிலும் எழுதிவிடும். நம் தலைவர்கள் அப்படிச் சோர்பவர்களா? அவர்களுக்கு வரம்பும் இல்லை, பதிவேடும் இல்லை.

அடுத்த மேடையில் அது மறுபடி எழும்போது கைதட்டுங்கள், வாக்காளரே. நீங்களும் தானியங்கிதானே!