குழு வருகிறது, கிளை மேலாளரே!

தம்பி, தபால் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சட்டமன்றப் பேரவைச் செயலகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து தலைமையகத்துக்கு, தலைமையகத்திலிருந்து உங்கள் கிளைக்கு. 'மாண்புமிகு குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள் கள ஆய்வுக்கு வருகை தர உள்ளதால்' என்று தொடங்கி, 'தக்க ஏற்பாடுகளைச் செய்யுமாறு' என்று முடிகிற ஒரு பக்கக் கடிதம். பதறாதீர்கள். போக்குவரத்துக் கழகத்தில் தலை நரைக்கிற வரைக்கும் இருந்தவன் சொல்கிறேன். எந்தக் கோட்டம், எந்தக் கிளை என்று மட்டும் கேட்காதீர்கள். என் காலத்தில் குழுக்களும் வந்து போயிருக்கின்றன, பேருந்துகளும் வந்து போயிருக்கின்றன. இரண்டுமே சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.

ஆய்வு நடக்கப் போவது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் என்பதால் உங்களுக்கு நல்ல நேரம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்தக் குழு என்று பாருங்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே டீ பிஸ்கட்தான், ஆனால் ஒரே பயம் கிடையாது. பொதுக் கணக்குக் குழு என்றால் அரசுத் துறைகளின் தணிக்கைக் கணக்கைத் துருவுகிறவர்கள். 1861-இல் இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் காலத்தில் பிறந்த ஏற்பாடு, தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குப் போவது மரபு. ஆனால் நம் பக்கம் அதிகம் திரும்பாது. நாம் பார்க்க அரசு ஆபீஸ் மாதிரி இருந்தாலும் சட்டப்படி ஒரு கம்பெனி. 1972-இல் டி.வி.எஸ். வண்டிகளை அரசுடைமையாக்கி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோதே கம்பெனியாகத்தான் பதிவு செய்தார்கள். இன்றும் உசிலம்பட்டிப் பெருசுகள் 'பி.ஆர்.சி. வண்டி வந்துருச்சா?' என்றுதான் கேட்பார்கள். 1997-இல் மன்னர், தலைவர் பெயர்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒரே பெயராக்கியது அவர்கள் காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கம்பெனி என்பதால் நாம் போய் நிற்க வேண்டிய வாசல் பொது நிறுவனங்கள் குழு. இது தவிர மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, ஏடுகள் குழு, உறுதிமொழிக் குழு என்று இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது வந்தால் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்போது நிலையத்துக்கு வருவோம். குழு அங்கே நிற்கப்போவது பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் அவர்கள் கண்ணில் படக்கூடிய பரப்பு எவ்வளவு என்று முந்தின நாளே நடந்து பார்த்து அளந்துகொள்ளுங்கள். கார் நிற்கிற இடத்திலிருந்து நேரக் காப்பாளர் அறை வரைக்கும் பிளீச்சிங் பவுடர் போதும். அதற்கு மேல் போட்டால் கோடு எங்கே நிற்கிறதென்று பார்ப்பார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கமும் பார்ப்பார்கள். தேனி வண்டி நிற்கிற இடத்தில் அன்றைக்கு மட்டும் புது வண்டியாக நிறுத்துங்கள். மழைக்கு உள்ளே குடை பிடிக்க வேண்டிய வண்டிகள் எஃப்.சி.க்குப் போயிருக்கின்றன என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அனுப்பிவிடுங்கள், பொய் சொல்லக் கூடாது. 'திண்டுக்கல் ஒட்டன்சத்திரம் பழனீ...' என்று ஒரே மூச்சில் கூவுகிற தனியார் வண்டிக்காரப் பையன்களைக் கொஞ்சம் பைய கூவச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நல்லதுதான், அந்தச் சத்தத்தில் பயணிகள் உறுப்பினர்களிடம் சொல்கிற எதுவும் காதில் விழாது.

நல்ல நேரம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஒரு உறுப்பினர் மேலே பார்த்து, 'கூரை ஒழுகுதே, என்னய்யா இது?' என்பார். நீங்கள் தலையைக் குனிந்து, 'ஐயா, கட்டடம் மாநகராட்சியுடையது' என்று சொல்ல வேண்டும். அது நகராட்சி நிர்வாகத் துறை. கழிப்பறையும் அவர்கள்தான், கடை வாடகையும் அவர்கள்தான். 'சரி, தனியார் வண்டி நம்ம வண்டிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துட்டுப் போறானே?' என்று அடுத்தவர் கேட்டால், பெர்மிட்டும் நேரமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அந்தக் கோப்பு மேலே போனால் உள்துறையின் போக்குவரத்துப் பிரிவில் போய் நிற்கும், நம் துறைக்கு வராது. வாசலில் ஆட்டோ நெரிசலா? காவல் துறை. வெளியே சாலையில் பள்ளமா? அது யாருடைய சாலை என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு குழு போடலாம். கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது பேருந்து மட்டும்தான். அந்த நேரத்தில் ஒழுகுகிற பேருந்து அங்கே இருக்காது என்பதால் அதைப் பற்றியும் யாரும் கேட்க முடியாது. ஆறு பேருக்குப் பொறுப்பு உள்ள இடத்தில் நிற்பது போன்ற பாதுகாப்பு கோட்டைச் சுவருக்குள்கூடக் கிடைக்காது தம்பி.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குப் புள்ளிவிவரத்தோடு போங்கள். கொடுக்கிற புத்தகம் தடிமனாக இருக்க வேண்டும். மெலிசாக இருந்தால் படித்துவிடுவார்கள்.

நட்டம் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அதை அரசே வெளியில் சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், அதுவும் அன்றைக்கு நம் மதுரை மத்தியத் தொகுதிக்காரர், வெள்ளை அறிக்கை வெளியிட்டு, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றார். ஆரப்பாளையத்திலிருந்து தேனி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒரு நடைக்கு 4,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கை உறுப்பினர்கள் முன்னால் கவலையோடு சொல்லிவிட்டு, கூடுதல் வண்டி கேட்கிறவரை அமைதியாக ஒரு பார்வை பாருங்கள். வண்டியை ஓட்டாமல் இருப்பதே கழகத்துக்குச் செய்கிற சேவை என்று அவருக்கே தோன்றிவிடும். வண்டி ஓட வேண்டும் என்பதற்காகத்தான் கழகமே தொடங்கப்பட்டது என்று திருப்பிச் சொல்கிற உறுப்பினர் நூற்றில் ஒருவர். அவரும் அந்த வாரம் வேறு குழுவில் இருப்பார்.

தணிக்கைப் பத்திக்கு வேறு மருந்து. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஒரு வண்டியைப் பற்றி எழுதினால், அது அறிக்கையாகி, பேரவையில் வைக்கப்பட்டு (பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில்), குழுவுக்குப் போய், குழு கேள்வி அனுப்பி, துறை விளக்கம் எழுதி, உங்கள் மேஜைக்கு வரும்போது வண்டி கண்டமாகி, ஏலம் போய், எங்கோ தகரமாகியிருக்கும். அதை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். நீங்கள் எழுத வேண்டியது ஒரே வரி: 'சம்பந்தப்பட்ட வாகனம் தற்போது இயக்கத்தில் இல்லை.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கம்பெனிச் சட்டம் ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் 'தயாரானபின் கூடிய விரைவில்' என்ற ரீதியில்தான் சொல்கிறது. 'கூடிய விரைவில்' என்பதை நம் வண்டி அட்டவணைப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ளுங்கள்.

பேரவைக் கேள்வி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் உங்கள் கிளையிலிருந்துதான் முளைக்கும். கேள்வி எப்போதும் ஒரே அச்சில்தான் வரும்: இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்குக் கூடுதல் பேருந்து இயக்க அரசு ஆவன செய்யுமா? நீங்கள் வழித்தடம் ஆய்வு செய்து, 'போதிய வசூல் இல்லை' என்று எழுதுங்கள். அந்தத் தடத்தில் வண்டியே இல்லாதபோது வசூல் எங்கிருந்து வரும் என்று மேலே யாரும் கேட்டதில்லை. (அ) பிரிவுக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டால் (ஆ) பிரிவுக்கு 'வினா எழவில்லை' என்று எழுதிவிடலாம். தமிழ் ஆட்சிமொழியானதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி இந்த 'எழவில்லை'.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வாயை விடாதீர்கள், அமைச்சரையும் விடவைக்காதீர்கள். உறுதிமொழிக் குழு வந்தால் போன் போடச் சொன்னது இதற்குத்தான். மக்களவையில் 1953-லேயே இதற்கென்று ஒரு குழு அமைத்துவிட்டார்கள். அமைச்சர் அவையில் எதையெல்லாம் சொன்னால் வாக்குறுதி ஆகும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்பது வாக்குறுதி. 'நான் பார்க்கிறேன்' என்பது வாக்குறுதி. 'விசாரித்துத் தகவல் அவையில் வைக்கப்படும்' என்பதும் வாக்குறுதி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். நம் பேரவையிலும் அதே பெயரில் குழு இருக்கிறது. நாமெல்லாம் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பதற்குத்தானே 'பரிசீலனை' என்று எழுதிப் பழகினோம்! அதைப் பிடித்துக்கொண்டு, 'என்ன பரிசீலித்தீர்கள், யார் பரிசீலித்தார்கள், கோப்பைக் காட்டு' என்று கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? எனக்குத் தெரிந்து சட்டமன்றம் கண்டுபிடித்த கருவிகளிலேயே கொடூரமானது இதுதான். நல்லவேளை, வாக்குறுதி கொடுத்த அவை கலைந்து அடுத்த அவை வருகிறவரை காத்திருக்கும் பொறுமை நமக்கு உண்டு.

மானியக் கோரிக்கை நாள் உங்களுக்கு விடுமுறை மாதிரி. வெட்டுத் தீர்மானம் என்று அடையாளத்துக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள், கடைசியில் திரும்பப் பெறுவார்கள், இல்லையென்றால் தோற்கும். உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பாதி தலைவருக்குப் புகழ்மாலை. 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலினே எழுந்து, என்னைப் புகழ்வதை நிறுத்துங்கள், நடவடிக்கை எடுப்பேன் என்று தம் கட்சிக்காரர்களை எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எத்தனை பேர் புகழ்ந்திருப்பார்கள் என்று நான் எண்ணவில்லை.

கட்டணத்துக்காகச் சட்டமன்றத்தைச் சிரமப்படுத்த வேண்டியதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி அரசாணை போதும். 2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஊழியர்கள் சம்பள ஒப்பந்தத்துக்காக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், ஆரப்பாளையத்தில் தற்காலிக டிரைவர்களை நம்பித்தான் ஏற வேண்டியிருந்தது. அதே வாரத்தில் பேரவை கூடி, சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கூட்டம் முடிந்தது. அதன் பிறகு 20-ஆம் தேதி பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் சில பைசாக்கள் குறைந்தன. ஆக, அந்தத் தடவை கண்காணித்தது கல்லூரி வாசல்தான்.

இவ்வளவையும் மனதில் வாங்கிக்கொண்டால் எந்தக் குழுவையும் சமாளிக்கலாம். ஒரே ஒரு ஆபத்துக்கு என்னிடம் படிவம் இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு, தெரியுமல்லவா? யாரும் பயன்படுத்துவதில்லை என்ற நம்பிக்கையில்தான் கழகம் நடக்கிறது. என்றைக்காவது ஒருவர் கடிதமும் இல்லாமல், சைரனும் இல்லாமல், ஒரு மஞ்சள் பையோடு இரவு ஆரப்பாளையத்துக்கு வந்து உசிலம்பட்டி வண்டிக்கு நிற்கலாம். பக்கத்தில் பூக்கூடையோடு நிற்கும் அம்மாவிடம், 'எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா?' என்று கேட்கலாம். நேரக் காப்பாளர் அறைக்கு வந்து, சத்தம் போடாமல், 'இந்த நடை நேத்தும் வரலையாமே, ஏன்?' என்று கேட்கலாம். கட்டடம் மாநகராட்சியுடையது என்று அங்கே சொல்ல முடியாது. வினா எழவில்லை என்றும் சொல்ல முடியாது, அதான் எதிரே எழுந்து நிற்கிறதே.

அப்போது செய்ய ஒன்றுதான் இருக்கிறது, என் பெயரைச் சொல்லாதீர்கள். ஸ்பேர் வண்டியில் ஒன்றை எடுத்து, ஓய்வறையில் இருக்கும் டிரைவரைக் கையைப் பிடித்து எழுப்பி, கண்டக்டரிடம் பையைக் கொடுத்து, உசிலம்பட்டிக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் தலைமையகத்திலிருந்து மெமோ வரும்: அட்டவணையில் உள்ள ஒரு நடையை முன் அனுமதியின்றி இயக்கி டீசல் செலவு ஏற்படுத்தியது ஏன் என்று. மெமோ விஷயத்தில் மட்டும் தபால் தாமதமாவதே இல்லை.