ஒழுக்கு விசாரம்

ஒழுகு என்னும் ஒரே வேரிலிருந்து ஒழுக்கம் என்ற சொல்லும் ஒழுக்கு என்ற சொல்லும் பிறந்திருக்க, முன்னதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே அமைந்து, பின்னதற்கு மழைக்காலத்தில் கூரை ஓட்டைக்குக் கீழே வைக்கப்படும் அண்டாவைத் தவிர வேறு மரியாதை எதுவும் கிட்டாமற் போனது தமிழுலகம் இழைத்த பட்சபாதம் என்றே கருதுகிறேன். அதை ஓரளவேனும் நிவர்த்திக்கும் நோக்கத்துடன், பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலிருந்து எண்ணெய் ஒழுகுதல் என்னும் விஷயத்தைச் சாஸ்திர முறைப்படி ஈண்டு ஆராயப் புகுகின்றேன். ஆராய்ச்சிக்கு ஆதாரம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், 1991-ஆம் வருஷத்து, நூறு சி.சி. இரு ஸ்ட்ரோக் வண்டி. அதைச் செய்தவர் பெயரை இங்கே இழுப்பது தர்மமன்று; இத்தனை வருஷம் உழைத்த ஒரு ரப்பர் வளையம் தளர்ந்ததற்குப் பொறுப்பு அதைச் செய்தவரைச் சாராது, ஒன்றுமே செய்யாத என்னைத்தான் சாரும்.

முதலில் இலக்கணம். முன் சக்கரத்தின் இருமருங்கும் நிற்கும் கால்கள் இரண்டு. ஒவ்வொரு காலும், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவரும் இரண்டு குழல்களால் ஆனது. மேலிருந்து இறங்கும் குரோமியம் பூசிய எஃகுக் குழலைப் பட்டறை வழக்கில் பைப் என்பார்கள். கீழிருந்து அதைத் தாங்கும் அலுமினிய உறை பாட்டம் எனப்படும். உள்ளே நீண்ட ஸ்பிரிங் ஒன்றும், சிறு துளைகளிட்ட தண்டு ஒன்றும், அளந்து ஊற்றிய எண்ணெயும் இருக்கும். சாலைப் பள்ளத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கிய அடியை மறக்க அதற்குத் தெரியாது. பந்தியில் தமக்கு இரண்டாம் முறை பாயசம் வரவில்லை என்பதைச் சஷ்டியப்தபூர்த்தி வரையில் சொல்லிக்கொண்டிருக்கும் சம்பந்தியைப் போல, ஒரு பள்ளத்துக்குப் பல தடவை அது எழும்பி எழும்பித் தணியும். அந்தத் தண்டின் துளைகள் வழியே எண்ணெய் நெருக்கித் தள்ளப்படுகையில் குதிப்பின் சக்தி உஷ்ணமாக மாறி அடங்கிவிடுகிறது. ஆகவே எண்ணெய் இங்கே வழுவழுப்புக்காக மட்டும் வைத்த பொருளன்று. மறதிக்காக வைத்த பொருள்.

இந்த மறதியை உள்ளே நிறுத்தி வைப்பது, பாட்டத்தின் வாயில் அமர்ந்து பைப்பைச் சுற்றித் தழுவியிருக்கும் ஆயில் சீல். ரப்பர் உதடும், அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்க மெல்லிய சுருள்கம்பி வளையமும் உடைய இச்சிறு பொருளைப் பற்றி, அது ஒழுகத் தொடங்கும் வரையில், உலகத்தில் எந்த வண்டிக்காரனும் ஒரு நிமிஷம் சிந்தித்ததில்லை.

சரித்திரமும் சிறிது வேண்டும். டென்மார்க்கின் நிம்பஸ் வண்டி 1934-இலேயே இவ்வகைக் குழற்கால்களைப் பெற்றுவிட்ட போதிலும், எண்ணெயின் உதவியால் குதிப்பை அடக்கும் கால்களுடன் விற்பனைக்கு வந்த முதல் வண்டி என்னும் பெருமை 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்12 வண்டிக்கே உரியது. ரசமான விஷயம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. உலகத்தார் யாவரும் அம்முறையைப் பின்பற்றத் தொடங்கிய சமயத்தில், அதைப் புகுத்தியவர்களே 1955-இல் அதைக் கைவிட்டு, ஏர்ல்ஸ் ஃபோர்க் என்னும் வேறு அமைப்புக்குத் தாவினார்கள். 1969-இல் வெளிவந்த புது வரிசையில் பழைய கால்களுக்கே திரும்பினார்கள். ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்ட் இந்தியா என்னும் கம்பெனியைத் தொடங்கியதும் அந்த 1955-லேயேதான். திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள் குழற்கால்களுடனேயே வெளிவந்தன. குரு சந்நியாசம் வாங்கிக்கொண்ட அதே வருஷத்தில் சிஷ்யன் கிருகப்பிரவேசம் செய்தான் என்று இதைக் கொள்ளலாம்.

இனிப் பிரமாணம். மலைமேல் புகையைக் கண்டவன் அங்கே தீ உண்டென்று அனுமானிப்பதைத் தர்க்க நூலார் பன்னெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பைப்பின்மேல் கறுத்த புழுதி வளையத்தைக் கண்டவன் அங்கே எண்ணெய் உண்டென்று அனுமானிப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். உலர்ந்த பைப்பில் புழுதி நிற்பதில்லை. அனுமானத்தில் நம்பிக்கையில்லாதவர் விரலால் தொட்டுப் பிரத்தியட்சமாக அறியலாம். தொட்ட விரலை எங்கே துடைப்பது என்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வேட்டியில் துடைப்பதைப் பற்றி வீட்டில் நிலவும் அபிப்பிராயம் மட்டும் எனக்குத் தெரியும்.

கசிவின் காரணத்தைக் குறித்து மூன்று மதங்கள் வழங்குகின்றன. அவற்றுள் துடைப்பு மதத்தார், பழைய துணியொன்றால் தினமும் காலையில் பைப்பைத் துடைத்துவிட்டால் கசிவு இல்லையென்றே ஆகிவிடும் என்பர். அவர்களுள் ஒருவனாக நான் மூன்று வருஷம் இருந்தேன். எண்ணெய் பாட்டத்தின்மேல் வழிந்து பிரேக் டிரம்மின் தகட்டை நனைக்கிறது என்பதையும், உள்ளே லைனிங்கை அது எட்டிவிட்டால் பிரேக் பிடிப்பது நம் கையில் இல்லை என்பதையும் அறிந்த பிறகே மதம் மாறினேன். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் இந்த ஞானோதயம் இன்னும் சீக்கிரமாக, சில சமயம் லாரிக்குப் பின்னால், ஏற்படுமாம்.

சீல் மதத்தார் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். ஒழுகுவது சீல் இருக்கும் இடத்தில். ஆகவே குற்றவாளி சீல்தான். அதை மாற்றுக என்பது அவர்கள் சித்தாந்தம். ரப்பர் வெயிலிலும் வயதிலும் இறுகிப்போவது உண்மையாதலால் பாதி வழக்குகளில் அவர்கள் வெல்வதும் உண்டு. ஆனால் புது சீல் போட்ட இரண்டாம் மாதமே மறுபடி ஒழுகும்போது, கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்களேயன்றித் தங்கள் சித்தாந்தத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். இதற்கு ஹேது ஒன்று உண்டு. சீல் மலிவு, பைப் விலை. மனிதனுடைய காரண காரிய ஆராய்ச்சி, எந்தப் பொருளுக்குச் செலவு குறைவோ அந்தப் பொருளிடத்திலேயே குற்றத்தைக் கண்டுபிடிக்கும் சுபாவமுடையது.

பைப் மதமே ஒப்புக்கொள்ளத்தக்கது. இதை எனக்கு உபதேசித்தவர் எங்கள் தெருமுனைப் பட்டறைத் தம்பி. "சார், கண்ணால பாக்காதீங்க. நகத்தால தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். பளபளவென்றிருந்த குரோமியத்தில், கண்ணுக்குக் கடுகுப் புள்ளியளவும் இல்லாத ஒரு துருக்குழியில் நகம் தடுக்கியது. "அந்தக் குழி ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீலோட உதட்டைக் கிழிச்சிக்கிட்டே இருக்கும். நீங்க மாசத்துக்கு ஒரு சீல் வாங்கிப் போடலாம்." கடற்காற்று படும் ஊரில் இக்குழிகள் விரைந்து பெருகும். ஆயினும் எல்லாத் துருவும் தோஷமன்று; சீல் ஏறியிறங்கும் எல்லைக்கு மேலே உள்ள துரு வெறும் விகாரமே. பைப்பில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி ஊரை ஒரு வலம் வந்தால், அது எவ்வளவு உயரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அவ்வெல்லையை அறியலாம்.

இம்மூன்றுக்கும் புறத்தே தாந்திரிகம் ஒன்றும் உண்டு. சில சமயம் சீலும் கெடாமல், பைப்பும் கெடாமல், உதட்டுக்கடியில் ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டிருப்பதாலேயே எண்ணெய் கசியும். அப்போது பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டு ஒன்றை உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே செருகி, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் துகள் வெளிவந்துவிடும். அதற்கு வேண்டிய மென்மையும் விறைப்பும் ஒருங்கே உடைய பொருள் வேறில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் கல்யாண ஆல்பத்துக்கடியில் ஒரு சுருள் இருந்தது. பெரியப்பா மாலையும் கழுத்துமாக நிற்கும் துண்டை எடுத்துக்கொண்டேன். அவர் தலைகீழாக உள்ளே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கறுத்து வெளிவந்தார். கசிவு நின்றது, இரண்டு மாதம் நின்றே இருந்தது.

பிறகு மறுபடியும் ஒழுகிற்று, முன்னிலும் அதிகமாக. பட்டறையில் வண்டியைக் கிடத்தினோம். முன் சக்கரம் கழன்றது, மட்கார்டு கழன்றது, டி-ஸ்டெம்மில் கால்களைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன்பே, மேல்மூடிகள் கொஞ்சம் தளர்த்தி வைக்கப்பட்டன. பிடியிலிருந்து கழன்ற பைப் மூடியோடு கூடவே சுற்றுமாதலால் இந்த வரிசை முக்கியம்; ஸ்பிரிங் அவற்றை முகத்தில் எறியும் சுபாவமுடையதாதலால் முழுதும் கழற்றும்போது எச்சரிக்கையும் வேண்டும். கவிழ்த்த கால்களிலிருந்து வந்த எண்ணெய், சாம்பல் நிறத்தில், மீன் சந்தையின் மாலை நேரத்தை நினைவூட்டும் வாசனையுடன் இருந்தது. அடியிலுள்ள ஆலன் போல்ட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றுமாதலால் போல்ட் கழலாது. ஜப்பானியர் இதற்கென்று தனிக் கருவி செய்திருக்கிறார்களாம். தம்பியோ துடைப்பக் கட்டையின் நுனியைச் சீவி, பைப்பின் மேல்வாய் வழியே விட்டு, தண்டின் தலையில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். இந்த ஆராய்ச்சிக்கு என் சரீரத்தால் நான் செய்த பங்களிப்பு அவ்வளவே.

பைப் இரண்டும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கி வந்தவை. ஒரு காலே ஒழுகினாலும் இரண்டு சீலையும் மாற்றுவதுதான் முறை. குழிந்த பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே இருக்கவேண்டும். பைப்பின் விளிம்பு உதட்டை வெட்டாமலிருக்க, அதன்மேல் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் பையை மாட்டிச் சீலை இறக்கவேண்டும். எண்ணெய் இருபுறமும் ஒரே அளவாக இருக்கவேண்டும்; "கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்தேன் தம்பி" என்ற என் வேண்டுகோளை அவர் மறுத்துவிட்டார். எண்ணெய்க்குமேல் நிற்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறதாம்; அதற்கு இடமில்லாமல் ஊற்றினால் அழுத்தம் ஏறிப் புது சீலையே வெளியே தள்ளுமாம். தாராளம் தோஷமாகும் இடங்களில் இதுவும் ஒன்று.

பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தபோதுதான், அதன் உதட்டின் உட்புறத்தில் நகக்கண் அளவில் முக்கோணமாகக் கிழிந்த ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தம்பி கண்டார். துருக்குழியில் மாட்டிக் கிழிந்து, அங்கேயே தங்கி, உதடு பைப்பைத் தொடவொட்டாமல் நின்றிருக்கிறது. "என்ன சார் இது, புதுசா இருக்கு?" என்றார். பெட்ரோலில் அலசி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மாலையில் பாதியும், அதற்குமேல் பெரியப்பாவின் வலது காதும் தெரிந்தன. வீட்டில் ஆல்பத்தைப் புதுப்பித்து வைக்கவேண்டுமென்று சென்ற வாரத்திலிருந்து பேச்சு நடக்கிறது.