மூக்கில் கட்டைவிரல்

1853 டிசம்பர் 31 இரவு, லண்டனில் பெரிய மனிதர்கள் சிலர் இகுவானோடான் என்ற டைனோசருக்குள் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். மிருகத்தின் வயிற்றுக்குள் மனிதன் போனால் விருந்து மிருகத்துக்குத்தான் என்பது உலக வழக்கம். ஆனால் இது சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த மாதிரி. தலைமாட்டில் உட்கார்ந்தவர் ரிச்சர்ட் ஓவன். 1842இல் 'டைனோசர்' என்று பெயர் வைத்தவரே அவர்தான். பெயர் வைத்தவர் பந்தியில் முதல் இலை கேட்பது நியாயம்தானே?

அந்த இகுவானோடானுக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு இருந்தது. 1878இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகளே கிடைத்தபோது உண்மை வெளியே வந்தது. கொம்பு என்று மூக்கில் ஒட்டியது கட்டைவிரல். அதற்குள் ஹாக்கின்ஸின் குட்டி மாதிரிகள் பள்ளிக்கூடங்களுக்கு விற்பனையாகிவிட்டன. பொம்மை முந்தும், அறிவியல் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். பிளாஸ்டிக் டைனோசரின் தல புராணம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

அடுத்த காண்டம் அமெரிக்கா. 1902இல் மான்டானா மாநிலத்தில் பார்னம் பிரவுன் தோண்டி எடுத்த எலும்புகளுக்கு, 1905இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பட்டம் சூட்டினார். 1915இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் ஒரு டைரனோசாரஸை நிறுத்தியபோது, தேசிய கீதம் பாடுகிற பையனைப்போல விறைப்பாக நிறுத்தினார்கள். வால் தரையில் புரண்டது. கை எலும்புகள் சரியாகக் கிடைக்காததால் மூன்று விரல் வைத்தார்கள். அசல் கணக்கு இரண்டு. ரெக்ஸ் என்றால் ராஜாவாயிற்றே, ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு ருடால்ஃப் சாலிங்கர் வந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகச் சுவரில் 110 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் தீட்டி, 1947இல் முடித்தார். அதில் டைரனோசாரஸுக்குத் தொந்தி உண்டு. மதியச் சாப்பாடு முடித்துத் திண்ணைக்கு வந்த பெரியவரின் நிதானம். 1953இல் லைஃப் பத்திரிகை அந்த ஓவியத்தை அச்சிட்டது. பொம்மைக் கம்பெனிகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆராய்ச்சிக்குச் செலவு, பத்திரிகையின் விலை மட்டும்.

இந்தப் பின்னணியில்தான் அரோரா பிளாஸ்டிக்ஸ் அவதரித்தது. 1950இல் தொடங்கி, நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குக் குடிபோன கம்பெனி. 1961இல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தைப் பெட்டியில் அடைத்து விற்றுக் காசு பார்த்தது. கில்லட்டின்கூட விற்றது, பொம்மைத் தலையை வெட்டிப் பார்க்கலாம். அந்தத் தலைமுறை அமெரிக்கப் பெற்றோரின் பொறுமைக்குச் சிலை வைக்க வேண்டும்.

1971இல் அரோரா 'பிரிஹிஸ்டாரிக் சீன்ஸ்' வரிசையை இறக்கியது. பெட்டியைத் திறந்தால் டைனோசர் இருக்காது. சட்டத்தில் கோத்த மாதிரி கால், தாடை, பாதி வயிறு, மீதி வயிறு என்று கசாப்புக் கடையின் காலை நேரம் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, பிசிறு சீவி, அழுத்திப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்திருந்ததால் வண்ணம் பூசாமலும் தப்பிக்கலாம். முதுகு நடுவில் மட்டும் ஒரு கோடு தெரியும். ஆறரைக் கோடி ஆண்டுப் பழைய மிருகத்துக்குத் தையல் பிரிந்த சட்டைபோல.

பழைய கிட்டுகளுக்கு ட்யூப் பசை வேண்டும். அதை ஒட்டுவதற்குப் பதில் முகர்ந்து பார்த்துக் கிறங்குகிறார்கள் என்று 1960களில் நாடே பதறியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் டெஸ்டர் என்ற நிறுவனம் தன் பசையில் கடுகு நெடியைச் சேர்த்தது. போதைக்கு மூக்கை நீட்டியவனுக்குத் தாளிப்பு நெடி கிடைத்தது.

அரோராவின் உண்மையான குறும்பு அடித்தட்டில் இருந்தது. ஒவ்வொரு மிருகமும் ஒரு துண்டு நிலத்தோடு வரும். துண்டுகளைப் பக்கத்துப் பெட்டியின் நிலத்தோடு கோத்து ஊரே கட்டலாம். அந்த ஊரில் குடியிருந்தவர்கள் யார் யார்? அலோசாரஸ், சுமார் 15 கோடி ஆண்டு. டிரைசெராடாப்ஸ், சுமார் 6.6 கோடி. குகைக் கரடி, நியண்டர்தால் மனிதன், குரோமேக்னன் தம்பதி. கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் கொக்கி இணைத்தது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிக்காத குடும்பம் அந்தக் குரோமேக்னன் குடும்பம் ஒன்றுதான்.

முதுகில் பாய்மரம் விரித்த டைமெட்ரோடானும் அதே ஊரில் மனை வாங்கியிருந்தது. அது டைனோசரே கிடையாது. முதல் டைனோசர் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. உறவுமுறை பார்த்தால் பாலூட்டிகளாகிய நமக்குத்தான் அது தூரத்துப் பங்காளி. அப்படியும் உலகத்தின் எல்லா டைனோசர் பொட்டலத்திலும் ஓசியில் ஏறிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பு என்று நினைத்துக்கொள்ளும் ஆள் அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பேரப்பிள்ளை. பெட்ரோலியம் டைனோசரிலிருந்து வந்தது என்று பலர் நம்ப, சின்கிளேர் என்ற எண்ணெய்க் கம்பெனியின் பச்சை டைனோசர் சின்னமும் ஒரு காரணம். உண்மையில் அது பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் மக்கி உருவானது. ஆகவே பிளாஸ்டிக் டைனோசருக்குள் டைனோசர் துளியும் இல்லை. அச்சு அசல் பாசி.

அரோரா அச்சு வெட்டிய அதே காலத்தில்தான் ஆபத்து கிளம்பியது. அதுவும் எங்கிருந்து? சாலிங்கரின் ஓவியம் இருந்த அதே பீபடி அருங்காட்சியகத்திலிருந்து. அங்கே இருந்த ஜான் ஆஸ்ட்ரம், 1964இல் தான் கண்டெடுத்த டைனோனிகஸ் பற்றி 1969இல் எழுதினார். அது தொந்தி வைத்த சோம்பேறி அல்ல, துள்ளி ஓடிய வேட்டைக்காரன். அவருடைய மாணவர் ராபர்ட் பாக்கர் 1975இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதி, டைனோசர்களைத் திண்ணையிலிருந்து எழுப்பி ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பிவைத்தார். வால் தரையை விட்டு எழுந்தது. 1996இல் சீனாவிலிருந்து மென்தூவி போர்த்திய சைனோசாரோப்டெரிக்ஸ் வந்தது. பல்லி என்று நினைத்த பங்காளி கோழிக்கு நெருங்கிய சொந்தமானான்.

கம்பெனிகள் ஏன் திருத்தவில்லை? திருத்த முடியாது. பிளாஸ்டிக் சில்லறைக் காசு, இரும்பு அச்சு வெட்டுவதுதான் சொத்தை விற்கும் செலவு. ஒருமுறை வெட்டிவிட்டால் தேயும்வரை அடித்துத் தள்ள வேண்டும். பேராசிரியர் கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு கட்டுரை போதும், அச்சுக்குப் புதிதாக ஓர் அச்சே வேண்டும். பைரோ என்ற இன்னொரு கம்பெனியின் டைனோசர்கள் லைஃப்-லைக், லிண்ட்பெர்க் என்று வேறு கம்பெனிகளின் பெட்டிகளில் மாறி மாறி வந்தன. அரோராவை 1971இல் நபிஸ்கோ என்ற பிஸ்கட் கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு, அரோராவின் சித்திரவதைக் கூடப் பொம்மைகளை எதிர்த்துத் தாய்மார்கள் கொடி பிடித்தார்கள். பிஸ்கட் விற்கிறவனுக்கு இது தேவையா? சித்திரவதை வரிசை நின்றது. 1977இல் அரோராவின் அச்சுகள் மோனோகிராம் என்ற கம்பெனியின் கைக்குப் போயின. சில டைனோசர்கள் அங்கே மறுபிறவி எடுத்தன, வால் தரையில் புரள, அதே தப்போடு.

இன்று பிரிக்காத பழைய பெட்டி கிடைத்தால் நரைத்த அமெரிக்கர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். சரியான டைனோசர் வேண்டுமென்றால் கடையில் புதிதாகவே கிடைக்கும். அவர்களுக்கு வேண்டியது அந்தத் தப்பு. ஏனென்றால் ராஜ பல்லி நெட்டுக்குத்தாக நின்ற அந்த வருடம்தான் அவர்களுக்குப் பத்து வயது. நியூயார்க் அருங்காட்சியகம் 1990களில் தன் டைரனோசாரஸைப் பிரித்து, முதுகைக் கிடையாக்கி, வாலைத் தூக்கிவிட்டது. அலமாரியில் இருக்கிற பிளாஸ்டிக் மட்டும் இன்னும் தேசிய கீதம் முடியவில்லை என்று நிற்கிறது. எலும்பு கல்லானால் மட்டுமா புதைபடிவம்? இரும்பு அச்சில் உறைந்த தப்பும் அதே ஜாதிதான்.

ஹாக்கின்ஸின் இகுவானோடான் தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் இன்றும் மூக்கில் கட்டைவிரலோடு நிற்கிறது. 2007 முதல் அது பிரிட்டனின் முதல் தரப் பாதுகாப்புச் சின்னம். அனுமதியில்லாமல் அந்த விரலைச் சரியான இடத்துக்கு மாற்றினால் சட்டப்படி குற்றம்.