அழிச்சாச்சுக்காரர்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் அவரைப் பார்க்கலாம். ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயசு, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வீட்டில் பேசுவது தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். "பழைய லேப்டாப்பைத் தங்கச்சி புள்ளைக்குக் கொடுக்கறீங்களாமே, உள்ள இருந்ததெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டம்ளரைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கையையும் தூசி தட்டுகிற தோரணையில் தட்டிக் காட்டுவார்.

"அதெல்லாம் அழிச்சாச்சுங்."

அழிச்சாச்சுக்காரர் இல்லாத ஊர் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் பழைய மெஷினை மடியில் வைத்துக்கொண்டு விலை பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவர்தான். துபாயில் வேலையை முடித்துப் பெட்டி கட்டும்போது ரூம்மேட்டுக்கு லேப்டாப்பைத் தானம் செய்கிறவரும் அவரே. ஆனால் எல்லைக்காரருக்குச் சுமை இரட்டிப்பு. தோப்பு கேரளாவில், அதற்குத் தண்டப்பேர் நம்பரும் கரம் கட்டிய ரசீதும் வேண்டும். பூர்வீகம் ஆனைமலைப் பக்கம். அதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல். பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீரில் காலங்காலமாக மல்லுக்கு நிற்கும் இரண்டு சர்க்காரும் அந்தப் பதினைந்து இன்ச் பெட்டிக்குள் ஒரே ஃபோல்டரில் குடித்தனம் நடத்துகின்றன. ஃபோல்டருக்குப் பெயர் 'நியூ ஃபோல்டர் (2)'. 'நியூ ஃபோல்டர் (1)' எங்கே போனது என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

லேப்டாப் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பச்சை மாங்காய்க்கு வரி இல்லை, ஆகவே முதலமடை மாங்காய்க்காரர்கள் தப்பித்தார்கள். கொப்பரைக்கு ஐந்து சதவீதம். நம்மவருக்கு இருப்பதோ கொப்பரைக் களம். ஆடிட்டர் மிரட்டி வாங்க வைத்தார். மறு வருஷம் இ-வே பில் வந்ததும், லாரி கிளம்பும் முன் லேப்டாப் முன்னால் அவர் உட்காருவதும், டிரைவர் அவருக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடுவதும் வாடிக்கையானது.

அவருடைய பொற்காலம் 2020. எல்லையில் இ-பாஸ் இல்லாமல் ஈ கூட நகர முடியாத நாட்கள். அந்தப் பக்கம் பெண்ணைக் கொடுத்தவர்கள், இந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு மருந்துக்குப் போகிறவர்கள் என்று தெருவே அவர் திண்ணைக்கு வந்தது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லோருக்கும் பாஸ் எடுத்துக் கொடுத்தார். பைசா வாங்கவில்லை. புண்ணியம் அவருக்கு, ஆதார் மட்டும் லேப்டாப்பிற்கு. தெருவில் பாதிப் பேரின் ஆதார், போட்டோ, போன் நம்பர் இன்றைக்கும் 'டவுன்லோட்ஸ்' என்ற கிடங்கில் கிடக்கின்றன. அழிக்கிற பட்டியலில் அவை வரவே இல்லை. அவருடைய ரகசியம் இல்லையே அது, ஊராருடையதுதானே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசக் கவனிப்பை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் ப்ராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், இவருடையது ஏழு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் புதுசு வாங்கிக் கொடுத்தான். பழசு யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனைமலையில் வாக்கப்பட்ட தங்கச்சியின் மகள் காலேஜ் சேர்ந்திருக்கிறாள்.

இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. தங்கச்சியின் மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது அவனுக்கும் ஒன்று கிடைத்தது, முதலமைச்சர் படம் போட்ட பையோடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தப் பை செக்போஸ்ட் தாண்டி வந்து நடுக் கூடத்தில் உட்கார்ந்தது. கேரளப் பக்கத்துத் தமிழ் மீடியத்தில் படித்த இவருடைய மகன் அதைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. மாமனிடமிருந்து லேப்டாப் ஆனைமலைக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். நிறைவேற இத்தனை வருஷம் பிடித்தது.

ஒரே ஒரு சிக்கல். 'நியூ ஃபோல்டர் (2)'-க்குள் ஒரு விடுதலைப் பத்திர டிராஃப்ட் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கே மனப்பூர்வமாகவும் சந்தோஷமாகவும் விட்டுக்கொடுப்பதாகத் தங்கச்சி சொல்கிற பத்திரம். தான் அப்படிச் சந்தோஷமாக இருக்கிற விஷயம் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அவள் வக்கீலிடம் போக மாட்டாள். ஊரிலேயே மாசாணியம்மன் இருக்கிறாள், நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்து அமைதியாகச் சமையல் செய்வாள். அழிச்சாச்சுக்காரருக்குக் கோர்ட்டைப் பற்றிப் பயமில்லை. மிளகாயை நினைத்தால்தான் கண் எரிகிறது.

ஆகவே அழிப்பு வைபவம் நல்ல நேரம் பார்த்துத் தொடங்குகிறது. முதலில் வெளிப்புறம். ஈரத் துணியால் மூடி துடைக்கப்படுகிறது. பிள்ளையார் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, மிச்சமான பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறார். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்ட, மிக்சர் விழுகிறது, அரை முந்திரி விழுகிறது, பேரனின் பால் பல் மாதிரி ஒன்று விழுகிறது. திரையில் இருந்த குடும்பப் போட்டோவை எடுத்துவிட்டு மலையும் புல்லுமாக ஒரு படத்தை வைக்கிறார். பிறகு ஃபோல்டரைப் பிடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, தொட்டியைக் காலி செய்கிறார். காகிதத்தைக் கசக்குகிற சத்தம் கேட்கிறது பாருங்கள், அதுதான் அவருக்கு அத்தாட்சி. சத்தம் சின்னதாக இருந்ததோ என்று சந்தேகம் வந்து, வால்யூமை ஏற்றி, வேறொரு ஃபைலைப் போட்டு மறுபடியும் காலி செய்கிறார்.

வில்லேஜ் ஆபீஸில் நடப்பதை வைத்துப் பார்த்தால் அவருக்கே புரிந்திருக்கும். தண்டப்பேர் புத்தகத்தில் ஒருவர் பேரை அடித்துவிட்டால் தோப்பில் மரம் விழுந்துவிடுகிறதா? தென்னை நிற்கும், காய் விழும், புது ஆள் வந்து வெட்டிக் களம் போடும் வரை எல்லாம் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரும் பேரைத்தான் அடிக்கிறது. அந்த இடம் இனிக் காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும் வரை இலவசமாகக் கிடைக்கிற ஒரு மீட்பு சாஃப்ட்வேரே போதும், தூக்கி நிறுத்திவிடும். அவசரமாகப் போடுகிற 'குயிக் ஃபார்மேட்'டும் இந்த ரகம்தான்.

ஃபைல் போனதும், இயக்கிக் காட்டுவதற்காகத் தங்கச்சி மகள் முன்னால் வேர்டைத் திறந்தாராம். அண்மையில் திறந்தவை என்ற பட்டியலில் முதல் வரி: 'விடுதலை_தங்கச்சி_ஃபைனல்_3'.

"என்னங்க மாமா, சுதந்திர தினக் கட்டுரையா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா அம்முணி, ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டாங்க" என்றவர், லேப்டாப்பைப் பட்டென்று மூடி, "இன்னும் ஒரு வாரம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பி எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் டீக்கடையில் நடந்தது பெரிய ஆலோசனைச் சபை. பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்று வீட்டில் இருக்கிறது, மூன்று சுற்று சுற்றினால் போதும் என்றார் மைக்செட்காரர். ரிட்டயர்டு லைன்மேன் ஒருவர் டிரில்லிங் மெஷினோடு வரத் தயாராக இருந்தார். அவர் சொன்னது தப்பில்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியிலேயே கடைசிப் படி உடைத்து நொறுக்குவதுதான். என்ன, தங்கச்சி மகளுக்கு வெறும் மூடிதான் போய்ச் சேரும். அரைகுறையாகப் படித்த ஐ.டி. பையன் ஒருவன் மட்டும் முப்பத்தைந்து தடவை மேலெழுத வேண்டும் என்று அடித்துச் சொன்னான்.

அந்த முப்பத்தைந்துக்கு ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையில் வந்த கணக்கு அது. அந்தக் காலத்தில் விதவிதமான டிஸ்க்குகள் இருந்தன. எந்த வகை என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று சேர்த்து வைத்த பட்டியல். இதைப் பேயோட்டும் மந்திரம் ஆக்கிவிட்டார்களே என்று பிற்பாடு அவரே குறைபட்டுக்கொண்டார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை முழுசாக மேலெழுதினாலே போதும். நம்மவர் லேப்டாப்பிலோ ஹார்ட் டிஸ்க்கே இல்லை. மெதுவாக ஓடுகிறது என்று நாலு வருஷத்துக்கு முன் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. அதற்குக் காந்தமும் விபூதியும் ஒன்றுதான். மேலெழுதுவதும் முழுசாகச் செல்லாது. தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக அந்தச் சில்லு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும், பழைய பிரதி ஒரு மூலையில் தங்கிவிடலாம். தனித்தனி ஃபைலாக அழிப்பதை எஸ்.எஸ்.டி.யில் நம்ப முடியாது என்று சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கழற்றின ஹார்ட் டிஸ்க்? அது பூஜை அலமாரியில், பஞ்சாங்கம் பறக்காமல் இருக்க மேலே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் அவருக்கு மூன்று வருஷக் கணக்கு இருக்கிறது. இருக்கட்டும், இரும்புதானே.

சபையில் பேப்பர் படிக்கிற ஒருவர் அவருக்கு ஆறுதலும் சொன்னார். எம்.ஐ.டி.யின் சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலாட்டும் பழைய டிஸ்க் 158-ஐ விலைக்கு வாங்கிப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்தவை 129, ஒழுங்காக அழிக்கப்பட்டவை 12. மிச்சத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கிரெடிட் கார்டு நம்பர் கிடைத்தது. மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம், டிஸ்க்குகளைக் கழிக்கும் வேலையை அனுபவமில்லாத ஒரு சாமான் ஏற்றிச்செல்லும் கம்பெனியிடம் கொடுத்து, அவற்றில் சில வாடிக்கையாளர் விவரத்தோடு இணைய ஏலத்துக்குப் போய், 2022-ல் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது. இதைக் கேட்டதும் அழிச்சாச்சுக்காரர் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்க்க வேண்டும். "அத்தாம் பெரிய கம்பெனிக்காரனே அப்படீன்னா, நம்மளை என்னங் சொல்றது!" என்று எல்லோருக்கும் டீ சொன்னார். அடுத்தவன் தோல்வி அவருக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்.

வேலையை முடித்தது கடைசியில் அந்தப் பெண்தான். சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, "மாமா, வேணுங்கறதை மொதல்ல பென்டிரைவ்ல எடுத்துக்கங்க" என்றாள். கூகுள் கணக்கிலிருந்து வெளியேற்றினாள். போனில் வாட்ஸப்பைத் திறந்து, இணைத்திருந்த லேப்டாப்பைத் துண்டித்தாள். குரோமில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் வரிசையாக வந்தபோது, பேங்குக்கும் ஜி.எஸ்.டி.க்கும் கரண்ட் பில்லுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதும், அது தன் அம்மாவின் பெயர் என்பதும் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சிமேல் அவருக்கு இருந்த பாசம் அங்கே மட்டும் எழுத்தில் இருந்தது.

பிறகு மொத்த டிஸ்க்கையும் பிட்லாக்கர் போட்டுப் பூட்டினாள். எல்லாம் பூட்டினபின் அழித்தால், எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பதும் சாவி இல்லாமல் வெறும் பிதற்றலாகத்தான் தெரியும் என்று விளக்கினாள். அப்புறம் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அதற்குள் இன்னொரு கதவைத் திறந்து 'கிளீன் டேட்டா'. அந்த உள்கதவை யாரும் திறப்பதில்லை. "சார்ஜரைப் புடுங்கிராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். மாமா நகரவில்லை. சதவீதம் ஏறுவதை, தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரி, உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் அவள் உபுண்டு போட்டுக்கொண்டு, மாலை பஸ்ஸில் ஆனைமலைக்குப் போனாள். ஒரு தடயம் மிச்சமில்லை.

திங்கட்கிழமை காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பென்டிரைவில் எடுக்க மறந்த ஒரே சங்கதி அந்த டிராஃப்ட்தான். திரும்ப டைப் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் போனார். கடைப் பையன் தலையைத் தூக்காமலே மௌஸைத் தட்டினான். டெஸ்க்டாப்பில் ஊர்ப்பட்ட ஃபைல். ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை, யாரோ ஒருவரின் விவாகரத்து மனு.

"எதுக்குங்ணா டைப் அடிக்கறது? போன ஆவணியில பிரிண்ட் எடுத்தீங்கல்ல, அப்பப் போட்டது இங்கயேதான் கெடக்குது. உங்க தங்கச்சி பேர்லயே சேவ் பண்ணி வெச்சிருக்கேன். எத்தனை காப்பி?"

அழிச்சாச்சுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்புடிப் பொறுப்பான பையன் கெடைப்பானா!" என்று மூன்று காப்பிக்குப் பணம் கொடுத்து, மேலே பத்து ரூபாயும் வைத்தார்.

"இன்னொருத்தங்களும் ஒரு காப்பி கேட்டாங்ணா," என்றான் பையன், சில்லறையைத் தேடிக்கொண்டே. "சனிக்கிழமை, சாயந்தரப் பஸ்ஸுக்கு முன்னாடி."